தொட்டியில் ஏறிய உப்பு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் கிடைத்தது. ராயபுரத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில், வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த லூயிஸ் என்ற மனிதர் பேசினார், நான் தலையாட்டினேன். ஒரு கேள்விகூடக் கேட்க முடியாத நிலைமை. கதையில் ஓட்டை இருந்தால் என் பல்லைத் திட்டுங்கள்.

2

முதல் வரி இப்படி வைத்தேன்: 'எண்ணூர் அலைகள் தாலாட்ட, நீலநிற நீச்சல் குளம் ஒன்று...' சீ, காலண்டர் படம்.

இரண்டாவது: 'இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பருவமழை பொய்த்ததை அடுத்து...' இது ரேடியோ செய்தி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் ஒரு கம்பெனியின் ஆபீசர் குடியிருப்பு. அதற்குள் மோட்டார் வைத்துக் கடல் தண்ணீரை இழுத்து நிரப்பிய நீச்சல் குளம். லூயிஸ் அதைத் தொட்டி என்பார். இருபது வருஷமாகக் கழுவிப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அந்தக் கோடையில் வெயில் தினமும் தொட்டியில் அரை விரல் தண்ணீரைக் குடித்தது. உப்பைக் குடிக்கவில்லை, அது அப்படியே தங்கியது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும், அதுதான் முறை. லூயிஸ் கடல் தண்ணீரையே விட்டார். வாரத்துக்கு வாரம் உப்பு ஏறியது.

(ஊரே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷம். நல்ல தண்ணீரைத் தொட்டியில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் அது இல்லை.)

3

காரணம் ரூத், அவர் மனைவி. அதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து அந்தம்மாவின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. தண்ணீரில் நடந்தால் கால் வரும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை தொட்டிக்கு லீவு. அன்றைக்கு ஆட்டோவில் கூட்டிவந்து, நைட்டியோடு மெல்ல இறக்குவார் லூயிஸ். ஏப்ரலில் அந்தம்மா நின்றார். மே மாதம் லூயிசின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார். லூயிசுக்குத் தலைகால் புரியவில்லை.

"உப்புதான் உன்னத் தூக்கிக் குடுக்குது ரூத்து!" என்றார்.

குறிப்பு: கெமிஸ்ட்ரி வாத்தியார் அத்தாவுல்லாவிடம் கேட்டேன். "அந்த உப்புக்கு ஆள் எடையில அரைக் கிலோ குறைஞ்சா பெரிசு" என்றார். இதை அப்போது லூயிசிடம் சொல்ல ஒருத்தரும் இல்லை. நானே கதைக்குள் போய்ச் சொல்லலாமா? 'அப்போது அங்கே ஓர் எழுத்தாளர் வந்து...' வேண்டாம், உதை விழும்.

4

குளிக்க வந்த பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது. மேனேஜர் லூயிசைக் கூப்பிட்டார். "தண்ணிய இறக்கிட்டு நல்ல தண்ணி கலக்கணும். செவ்வாய்க்கிழமை லாரி வருது. இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்குறேன்."

லாரி திங்கட்கிழமையே வந்துவிட்டது. ரூத் தொட்டிக்குள், விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

டிரைவர் ஜெயவேல் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "எங்க வுடணும் நைனா? சீக்கிரம் சொல்லு, அடுத்த டிரிப் கீது."

லூயிஸ் குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். திருப்பி அனுப்பினால் வேலை போகும். ஊற்றினால் ரூத்தின் கால் போகும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எட்த்துகினு பூடு ஜெயவேலு" என்றார்.

(இந்த இடத்தில் மூன்று நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். பாவம்யா மனுஷன்.)

தொட்டியிலிருந்து ரூத் சத்தம் போட்டார். "இன்னாய்யா, அந்த ஆள வெயில்ல நிக்க வச்சிகினு கீற? ஊத்தச் சொல்லு."

"உப்பு கொறஞ்சிடும் ரூத்து. அப்பால நீ நிக்க மாட்ட."

"பைத்தியமாய்யா உனுக்கு? இத்தினி நாளா உப்பா என்னப் புடிச்சிகினு இருந்துச்சி?"

லூயிஸ் குழாயிலிருந்து கையை எடுத்தார்.

5

நல்ல தண்ணீர் விழுகிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல் லூயிஸ் இறங்கிவிட்டார். அந்தம்மா ஐந்தாவது அடி வைத்தாரா? லூயிஸ் சொல்லவில்லை, வாயில் பஞ்சோடு என்னால் கேட்கவும் முடியவில்லை. வைத்ததாக ஒரு முடிவு எழுதினேன், படித்து அழுதேன், கிழித்துப் போட்டேன். வைக்கவில்லை என்று இன்னொன்று ஆரம்பித்தேன். 'ரூத் காலைத் தூக்க முயன்றபோது...' மேலே எழுதக் கை வரவில்லை.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடக்க வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. லூயிசின் தோளிலிருந்து அந்தம்மா கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.