ஐந்து சுற்று நைலான்

கலாமா என்ற பாலைவனச் சுரங்க ஊரில் மதியம் காற்று எழும்பினால் சுரங்கத்துக் கழிவு மேட்டுப் புழுதி வீட்டுக்குள் வந்து உட்காரும். அழையா விருந்தாளிக்குக் கதவு ஒரு பொருட்டா? ஒர்தென்சியா கோல்கேயின் கணவன் எலெயோதோரோ, பாறை உடைக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷம் அந்தப் புழுதியைத் தின்றே செத்தான். சுரங்கத்துக்காரர்களோ சிகரெட்தான் காரணம் என்று சாதித்தார்கள். பணம் கிடக்கட்டும், சாவுக்குக் காரணம் தூசி என்று அரசாங்கக் காகிதத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும் அவளுக்கு. இரண்டு வருஷம் நாயாய் அலைந்ததில், கடைசி விசாரணை, அன்று மதியம் மூன்று மணிக்கு, அரசாங்க மருத்துவர்கள் மூன்று பேர் முன்னால் கம்ப்யூட்டர் வழியாக நடப்பதாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். அதைப் பொருத்திக் கொடுத்த பக்கத்து வீட்டு யெர்கோ, பெட்டியில் காற்று உள்ளே போகும் வாயில் பெண்கள் போடும் மெல்லிய நைலான் காலுறையை ஒரு சுற்று இழுத்துக் கட்டியிருந்தான். தூசிக்கு அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஒரு சுற்று எந்த மூலைக்கு? எலெயோதோரோ ஒற்றை முகமூடியோடு வேலைக்குப் போனவன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டவர்கள் இன்னும் சந்தையில் நடமாடுகிறார்கள். பாவம், மாதம் ஒன்றாக, யாருக்கும் சொல்லாமல், ஐந்து சுற்று ஆக்கிவிட்டாள்.

மூன்று மணிக்கு மூன்று மருத்துவர்களும் திரையில் வந்தார்கள். எத்தனை மணி நேர வேலை, தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தார்களா என்று கேட்டார்கள். அவள் அசரவில்லை. பெட்டிக்குள் விசிறி இரைய ஆரம்பித்தது. வெளிக்காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாராம்மா?"

"பிடிச்சாருதான், ஆனா அது..."

திரை அணைந்தது.

'கல்யாணத்துக்கு முன்னாடி, நாலே மாசம்' என்ற மிச்சத்தைக் கறுத்த கண்ணாடியிடம்தான் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். உயிர் வந்து, அரை நிமிஷத்தில் மறுபடி போனது. அலுவலகத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. சுவருக்கு மேலே கத்தியதும் யெர்கோ பாதி தின்ற ரொட்டியோடு ஓடி வந்தான்.

"ஐயையோ அத்தை, யாரு கட்டினது இத்தனை?"

"நான்தான். உள்ள தூசி போயிரக் கூடாதுன்னு."

அவன் பக்கத் தகட்டைக் கழற்றினான். சூடு முகத்தில் அடித்தது.

"பாருங்க, உள்ள பொட்டுத் தூசி இல்ல. காத்தும் இல்ல. சூடு தாங்காம தானா அணைஞ்சிருக்கு."

"ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா!"

"நீங்க கம்பளியே நெய்வீங்கன்னு நான் கண்டேனா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கட்டிய நாலு சுற்றையும் உருவிப் போட்டதும் பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. அதற்குள் மருத்துவர்கள் எழுந்து போயிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காகிதம் வந்தது. யெர்கோதான் படித்தான்.

"'புகைப்பழக்கம் இருந்ததை மனைவியே ஒப்புக்கொண்டார். அத்துடன் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்.'"

என் வாயாலேயே அவரைக் கொன்றுவிட்டேனே என்று ஒர்தென்சியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தூசின்னு எங்கயாவது போட்டிருக்கானா, பாரு."

யெர்கோ மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்தான்.

"இல்ல அத்தை."