மூன்று பேராய்ப் போகக்கூடாது

ஹவுன்ஸ்லோ தபாற்கந்தோர் வரிசையில் நிற்கும்போதுதான் தவமலருக்கு அந்த எண்ணம் வந்தது. கையிலிருந்த பெரிய கவருக்குள் மூன்று பாஸ்போட் விண்ணப்பங்கள்: அவளுடையது, கணவர் ஆனந்தராஜாவுடையது, அவருடைய தங்கை கமலாம்பிகையுடையது. மூவரும் சென்னைக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே வாடகை வீட்டில் இருக்கும் மாமி, அண்ணன் தங்கை இருவரையும் பெற்றவர், படுக்கையில் விழுந்துவிட்டார். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் எழுதிய கடிதத்தை, அவசரம் தெரியட்டும் என்று ஆனந்தராஜா எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்திருந்தார்.

மூன்று பேராய் ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது. பெண் பார்க்கப் போனால்கூட, மூன்றாய் இருந்தால் நாலாவதாக ஒரு கல்லையாவது கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். பாஸ்போட் கந்தோருக்குக் கல் அனுப்ப முடியுமா? லண்டன் குளிரில் இத்தனை வருடம் விறைத்தும் இந்தப் பயம் மட்டும் சாகவில்லை. கவர் இன்னும் ஒட்டப்படவில்லை. நாளைக்குத் தனியாகப் போடலாம் என்று ஒன்றை உருவிக் கைப்பைக்குள் வைத்தாள். உருவியது கமலாம்பிகையுடையது.

அவளுடைய விமான நிலைய ஷிப்டுகளுக்கு நடுவே அந்த 'நாளைக்கு' ஒரு கிழமை தள்ளிப்போயிற்று. டாக்டரின் கடிதம் முதல் கவரோடு போய்விட்டது என்பது அப்போதும் அவள் புத்தியில் தட்டவில்லை.

இரண்டு பாஸ்போட் சுறுக்காய் வந்தன. மூன்றாவது, கோடை விடுமுறைக்காரர்களின் விண்ணப்பங்களோடு முறை காத்துக் கிடந்தது.

"ஒரே கவரிலைதானே போட்டனீர்?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

"ஓம்."

உண்மையைச் சொல்லியிருந்தால் மனிதர் கடிதத்தின் பிரதியோடு நேரில் ஓடியிருப்பார். அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டு திரிந்தாள்.

மாமிக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது என்று சென்னையிலிருந்து போன் வந்தது. இனிப் பொறுக்க ஏலாது; பாஸ்போட் வந்த இருவராவது புறப்படுவதென்று முடிவாயிற்று. புறப்படும் அன்று கமலாம்பிகை தாய்க்கென்று வாங்கிய கம்பளியை மடித்துத் தவமலரின் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான்தான் ஏதோ பிழையா நிரப்பிப்போட்டன் போலை, மச்சாள். அண்ணையிட்டை என்னை ஏசவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அதற்கு மேல் தவமலரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கமலாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப ஏன் உங்கடையை எடுக்கேல்லை?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"என்ரையை எடுக்கக் கை வரேல்லை, கமலா."

வாசலில் மினிகாப் வாடகைக்கார் ஹோர்ன் அடித்தது. கமலாம்பிகையே பெட்டியைப் பூட்டித் தூக்கி வந்து கதவடியில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு இப்ப கண் தெரியாது," என்றாள். "என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவெண்டால், நீங்கள்தான் 'ஓம் அம்மா' எண்டு சொல்லவேணும்."