காசிமாயன் கேட்ட கேள்வி

போடிமெட்டுச் சாலையில் ஏலக்காய் லோடு ஏற்றி ஜீப்பு ஓட்டியவன் காசிமாயன். போடிப் பக்கம் மதுவிலக்கு. மலைக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை. தினமும் எல்லை தாண்டிப் போய்க் குடித்தவனுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் வண்டி வளைவில் ஓரக்கல்லை இடித்து நின்றது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். மச்சினன் தவசி அவனை, மலையடிவாரத்தில் டாக்டரம்மா தேவகிருபை நடத்திய குடிநோயாளர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

முதல் வாரம் வியர்வையும் வாந்தியுமாகக் கழிந்தது. அதன்பின் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். தோட்ட வேலைக்குக் கூப்பிட்டாலும் எழவில்லை.

ஒரு காலையில் டாக்டரம்மா தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைத்த டம்ளரை நீட்டினார். "கிணத்தடி வரைக்கும் கொண்டுபோங்க. எவ்வளவு சிந்துதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"நடுக்கம் எப்பக் கூடுது, எப்பக் குறையுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவனிடம் கேட்டவர் இவர்தான். பாதிக்கு மேல் சிந்திப்போனது. ஆனால் சாயங்காலம் அவனாகவே டம்ளரை எடுத்தான். காலையைவிட ஒரு விரற்கடை தண்ணீர் கூடுதலாக மிஞ்சியது. ஏன்? கஞ்சி குடித்ததாலா, தூங்கியதாலா? மறுநாள் கஞ்சிக்கு முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். பக்கத்துக் கட்டில் மொக்கையனையும் எழுப்பிக் கூட்டிப்போனான்.

நாலாம் வாரம், தெரிந்த ஒருவனின் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டான். மறுநாள் மத்தியானம் வாசலில் வந்து தலைகுனிந்து நின்றான். விரட்டுவார் என்று நினைத்தான்.

"என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார் டாக்டரம்மா.

"ஏறையில குடிக்கிற நெனப்பே இல்லம்மா. கடை முன்னால வண்டி நின்னுச்சு. காலு தன்னால எறங்கிருச்சு." சற்று யோசித்தான். "வண்டி நிக்காமப் போயிருந்தா?"

"நீங்கதான் சொல்லணும். உள்ள வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி கருத்தம்மாள் தேவாரத்திலிருந்து பஸ்சில் வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"குடிச்சிட்டு வந்தா நான் எப்படி இருப்பேன்? நெசத்தைச் சொல்லு."

"கேட்டுத் தாங்குவீகளா?"

"தெரியல. சொல்லு."

சொன்னாள். சோற்றுப் பானையை முற்றத்தில் எறிந்தது, தங்கச்சி கல்யாணப் பந்தலில் விழுந்து கிடந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தது. செத்துப்போன அப்பன் பேரைச் சொல்லி அவன் மன்னிப்புக் கேட்டு அழுவானாம். அது அவனுக்குத் தெரியவே தெரியாது. முகத்தை மூடிக்கொண்டான். ஆனாலும், "பெறகு?" என்றான்.

இன்னும் இரண்டு மாதம் இருந்தான். வெளியே வந்ததும் பழைய முதலாளி மறுபடி வண்டி தருவதாகச் சொன்னார். "மலைப்பாதை மட்டும் வேணாம் மொதலாளி, அதுல போனா அந்தக் கடை முன்னால நிக்க வேண்டி வரும்" என்று, போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே ஓட்டக் கேட்டுக்கொண்டான். வருஷம் ஒன்றாகிறது, குடிக்கவில்லை.

"வேற என்ன செஞ்சேன்?" என்று இப்போதும் அவ்வப்போது கருத்தம்மாளிடம் கேட்பான். சில நாள் சொல்வாள். சில நாள், "போதும், சாப்பிடுங்க" என்பாள்.