கண்ணில் கோளாறு இல்லை

'பார்வை மங்கிவிட்டதால் நானாகவே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்' என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்ட ஒரு தாளை லுவா அக்காவின் சாப்பாட்டுத் தட்டருகே வைத்தான் தோவான். எங்கள் பிரிவின் மேற்பார்வையாளன் அவன். வயது இருபத்தொன்பது. அக்காவுக்கு முப்பத்தாறு.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

அக்கா வாயிலிருந்த வள்ளைக்கீரையை நிதானமாக மென்று விழுங்கினாள். "என் கண்ணை யாரு பார்த்தா?"

"காமெரா சொல்லுதே. அது அஞ்சைத் தள்ளுற எடத்துல நீங்க ஒம்போதைத் தள்ளுறீங்க. இல்லாத புள்ளியெல்லாம் உங்களுக்குத் தெரியுது."

யென் ஃபோங் தொழிற்பேட்டையில் நாங்கள் கணினித் திரைகளை, எங்கள் பேச்சில் பேனல்களை, சோதிக்கிறோம். எல்லாம் இருபத்து நாலு அங்குலம். கடைக்காரர்கள் சொல்வதுபோல் சட்டத்தையும் சேர்த்து அல்ல. ஒளிரும் பகுதியை மட்டும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் வருவது. அதற்குள் குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, நெடுக்கே ஆயிரத்து எண்பது என இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னஞ்சிறு ஜன்னல்கள். பின்னால் விளக்கு எப்போதும் எரிந்தபடி இருக்கும். ஜன்னல்கள் திறந்து மூடுவதில்தான் படம் வருகிறது. ஏதாவது ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டால், திரை முழுக்கக் கருப்பாகும்போதும் அது மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து அந்தத் திரையைத் தள்ளிவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இருட்டறையில் பன்னிரண்டு பெண்கள். நான் அக்காவுக்கு அடுத்த நாற்காலி.

மார்ச் மாதம் இதே வேலையைச் செய்யக் காமெரா வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து தாண்டிய இரண்டு பேர் இதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அக்கா தாளை நாலாக மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள். அதுவரை அவனை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"தம்பி, இருபது பேனல் எடுத்து வை. உன் காமெராவும் பார்க்கட்டும், நானும் பார்க்கறேன். நடுவுல கியெம் இருக்கட்டும். நான் தோத்தா உன் பேனாவாலேயே கையெழுத்துப் போடறேன்."

சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு பலர் தட்டினார்கள். தோவானால் மறுக்க முடியவில்லை.

கியெம் தரப்பிரிவின் பொறியாளர். அதிகம் பேசாத மனிதர். அவரே கிடங்கிலிருந்து இருபது பேனல்களை எடுத்துவந்து, காமெராவில் ஓட்டி, அது சொன்னதைக் குறித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு இருட்டறைக்குள் போனோம்.

"ஆரம்பிங்க," என்றான் தோவான்.

"பத்து நிமிஷம் ஆகட்டும்."

"பார்த்தீங்களா, இப்பவே சாக்கு."

"வெயில்லேருந்து வந்திருக்கேன். கண்ணு இருட்டுக்குப் பழகணும். இது தெரியாம நாலு வருஷமா என்ன மேற்பார்வை பார்த்தே?"

இருட்டில் எங்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அக்கா பத்து நிமிடம் கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கியெம் ஒவ்வொரு திரையாக ஏற்றி, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கடைசியில் கருப்பு என்று மாற்றிக் காட்டினார்.

"இது சுத்தம். இதுவும் சுத்தம். இதுல இடது ஓரத்துலேருந்து ஒரு சாண், மேலேருந்து நாலு விரல். இது புள்ளி இல்ல, தூசி; தொடைச்சுப் பாருங்க."

முடிந்ததும் கியெம் விளக்கைப் போட்டார். காமெரா நான்கு பேனல்களைத் தள்ளியிருந்தது, அக்கா ஏழு. காமெராவின் நான்கில் ஒன்று துணியால் துடைத்ததும் சுத்தமாகிவிட்டது. மற்ற மூன்றையும் அக்காவும் சொல்லியிருந்தாள். மீதி நான்கு அவள் மட்டுமே கண்டவை.

கியெம் திரையைக் கருப்பாக்கி உருப்பெருக்கியை வைத்தார். முதலாவதில் ஒரு நீல ஜன்னல் திறந்து கிடந்தது. இரண்டாவதிலும் நீலம். மூன்றாவதிலும். நான்காவதில் ஒன்றுமில்லை.

தோவான் துள்ளினான். "அதான் சொன்னேன்! இல்லாததெல்லாம் தெரியுதுன்னு!"

அக்கா எழுந்துபோய்ப் பார்த்தாள். "எங்க வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன எடத்துலதான். வலது ஓரத்துலேருந்து ஆறு விரல்," என்றார் கியெம்.

"யாரு விரலு?"

கியெம் தன் பருத்த விரல்களைப் பார்த்தார். அக்கா கண்ணாடியில் தன் விரலால் ஆறு விரல் அளந்து, "இங்க வைங்க," என்றாள். வைத்தார். நான்காவது நீலமும் இருந்தது.

கியெம் பையிலிருந்த குறிப்பை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு தோவானிடம், "காமெரா வெளிச்சத்தை மட்டும்தான் எடை போடுது. பச்சைக்கு எடை ஜாஸ்தி, நீலத்துக்கு ரொம்பக் கம்மி. எவ்வளவு வெளிச்சம் இருந்தா தள்ளணும்னு நாம வச்ச எல்லைக்குக் கீழ போனதால விட்டுடுச்சு. தப்பு நம்ம அளவுல," என்றார்.

தோவானின் முகம் சுருங்கியது. "சரி அக்கா, விடுங்க. போய் வேலையைப் பாருங்க."

அக்கா நாற்காலி வரை போனாள். உட்காரவில்லை. "அலுவலகத்துல என் கோப்புல கண்ணு கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கே இல்ல, அதை மாத்து. அதுக்கப்புறம் உட்காருறேன்."

"அதெல்லாம் இப்ப ஆகாது. மத்தவங்கல்லாம் வேலையை ஆரம்பிங்க!"

பேனல்களை எங்களிடம் கொண்டுவரும் உருளைகள் சுழலத் தொடங்கின. என் மகள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள மழலையர் பள்ளியில் படிக்கிறாள். இந்த வேலை போனால் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று யோசித்தேன். வெளியே போன அந்த இரண்டு பேரையும் நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"ஹுவே, உனக்கு என்ன?" என்று கத்தினான் தோவான்.

"எனக்கும் ஒரு நாள் முப்பத்தாறு ஆகும், சார்."

எதிர் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பன்னிரண்டு பேரும் நின்றோம். பேனல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, உருளைகள் தாமாகவே நின்றன. தோவான் மிரட்டினான், கெஞ்சினான், தொலைபேசியில் பேசினான். மூன்றே முக்காலுக்கு ஒரு தாளோடு திரும்பி வந்தான். பார்வைக் குறைபாடு என்று எழுதப்பட்டது தவறு என்றது தாள்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். "தவறுதான். யாரோட தவறு?"

"அக்கா..."

"போடு."

சுவரில் தாளை வைத்து, 'மேற்பார்வையாளரின் தவறு' என்று தன் கையாலேயே சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டான். அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம்.

மறுநாளிலிருந்து ஆறு நாள், கட்டி அடுக்கிய பெட்டிகளையெல்லாம் பிரித்துத் திரும்பவும் பார்த்தோம். காமெரா விட்ட நீலங்கள் இருநூற்றுக்கும் மேல் கிடைத்தன. காமெராவை யாரும் எடுத்துவிடவில்லை. எல்லையை மாற்றினார்கள், அது தள்ளாததை நாங்கள் பார்க்கிறோம்.

கையெழுத்துப் போட்டுப் போன இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அடுத்த வாரம் அக்கா மனு எழுதினாள். பன்னிரண்டு பேரும் ஒப்பமிட்டோம். ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி பேருந்து நிலையத்தருகே நூடுல்ஸ் கடை போட்டிருந்தாள். கூப்பிடப் போன எங்களிடம், "என் கண்ணு சரியாத்தான் இருக்குன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? போங்கடி, உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள்.