நான் வென்ற ஒரு குறை

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு என்றால் என் தம்பியே சிரிக்கிறான். வரிக்கு வரி ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊரில் இதற்குமேல் என்னத்தைக் கற்றுக்கொடுப்பாய் என்பான். மரியாதையாகப் பேசுவது வேறு, மனத்தில் இருப்பதைச் சொல்வது வேறு என்று அவனுக்கு எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். முதலாவது இந்த ஊரில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பத்தொன்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினேன். நிர்வாகம் மாறியதும் என்னைவிட இருபது வயது சின்னவள் ஒருத்தியை எனக்கு மேலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வேலையை விட்டுவிட்டு, ‘வரலட்சுமி, தொழில்சார் தொடர்பாற்றல் பயிற்சியாளர்’ என்று கார்டு அடித்துக்கொண்டேன். கார்டின் பின்பக்கம் ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று போட்டேன். அச்சகத்துக்காரர் நல்ல வாசகம் என்று பாராட்டினார்.

போத்தனூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பன்னிரண்டு சனிக்கிழமைக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். முதலாளி பாலகோபால் எங்களுக்குத் தூரத்து உறவு. என்னைவிட நாலு வயது சின்னவர், அக்கா என்பார். பழைய மில்லை மூடிவிட்டு சத்தியமங்கலம் ரோட்டில் புது மில் கட்டிக்கொண்டிருந்தார்.

“இங்க பதினோரு சூப்பர்வைசர் இருக்காங்க. அங்க ஆறு பேருக்குத்தான் இடங்க்கா. நூல் வாங்கற வெளிநாட்டு பையர் நேரா டிபார்ட்மெண்டுக்கே வந்து கேள்வி கேக்கறாங்க. பதில் பேசத் தெரியோணும், ரிப்போர்ட் படிக்கத் தெரியோணும். யாரையும் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராதுங்க்கா. நீங்களே பழக்கி, மார்க் போட்டுக் குடுத்துருங்க” என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மனசு வராத மனிதர், தன் சார்பில் அதைச் சொல்ல ஓர் ஆள் பிடிக்கிறார் என்று. நானோ வகுப்பறைக்கு ஏசி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி பொற்கொடி. வயது நாற்பத்து மூன்று. பத்தாவது முடித்துவிட்டு, பதினேழு வயதில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, அதே டிபார்ட்மெண்டுக்கு சூப்பர்வைசர் ஆனவள். காரமடையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். கணவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. மகள் நந்திதா நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வேலை போனால் நந்திதாவின் படிப்பு அத்தோடு நின்றுவிடும். இதை அவள் என்னிடம் அழுது சொல்லவில்லை. ‘என் குடும்பம்’ என்று எழுதச் சொன்னபோது நாலாவது வரியாக எழுதியிருந்தாள்.

முதல் வகுப்பில் எழுந்து நின்று தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லச் சொன்னேன். “பொற்கொடிங்க” என்றாள். இரண்டு நிமிடம் நின்றாள். உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கவனிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒரு மாணவி வாய்த்ததில்லை என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

மூன்றாவது வாரம் போர்டில் எழுதிக்கொண்டே அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் இல்லை. திரும்பி, “கவனத்தை எங்கே வெச்சுட்டு வந்தீங்க?” என்று கத்திவிட்டேன். டீ இடைவேளையில் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். எனக்கு எடது காது சுத்தமாக் கேக்காதுங்க. சோத்தாங்கைப் பக்கம் பாதிதானுங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா வாய் தெரியறதில்லீங்க.”

“அப்புறம் டிபார்ட்மெண்ட்ல எப்படிச் சமாளிக்கறீங்க?”

“அந்தச் சத்தத்துல யாருக்குங்க கேக்குது? அங்க எல்லாருமே கைச் சாடைதானுங்க. இருபத்தாறு வருசச் சத்தம் டீச்சர். கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போயிருச்சு. நந்திதாவத் தவிர யாருக்கும் தெரியாதுங்க. சொல்லிப்போடாதீங்க.”

சொல்லவில்லை. போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதையும் அன்றோடு விட்டேன். அவளும் பிடித்துக்கொண்டாள். இயந்திர ரிப்போர்ட்டுகளை ரயிலில் உட்கார்ந்து வாசித்தாள். எட்டாவது வாரம் ஒரு பையரின் மின்னஞ்சலைத் தடுமாறாமல் படித்து, அதில் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். பேச்சு மட்டும் வரவில்லை. ‘நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்று எங்கிருந்தோ எழுதிக்கொண்டு வந்து ஒப்பிப்பாள். சிவப்பு மையில் நான் முழுப் பக்கத்தையும் அடிப்பேன். “இதுல நீங்க எங்கே இருக்கீங்க?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

கடைசி வாரத்துப் பேச்சுக்குத்தான் பாதி மார்க். தலைப்பு, ‘நான் வென்ற ஒரு குறை’. ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம். முதலாளியும் ஹெச்.ஆரும் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். பெங்களூரில் பயிற்சியாளர்களுக்கான பட்டறை ஒன்றில் கொடுத்த கையேட்டிலிருந்து எடுத்த தலைப்பு அது. தன் குறையைத் துணிந்து சொல்பவர் கேட்பவரின் மனத்தை வெல்கிறார் என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நான் அதை வேதவாக்காக நம்பினேன்.

“காதைப் பத்திப் பேசுங்க” என்றேன்.

பொற்கொடி பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். “சொல்லிப்போட்டா ஏதாச்சும் ஆயிருமுங்களா டீச்சர்?”

“ஒண்ணும் ஆகாது. கேக்காத காதோட இவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னா பெருமைதானே படுவாங்க? நான் இருக்கேன்.”

நான் இருக்கேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். நான் யார், ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்துவிட முடியும் என்று அரை நிமிடம் யோசித்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் சீக்கிரம் வரும், யோசனை வராது.

பன்னிரண்டாவது சனிக்கிழமை அவள் பேசினாள். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஒரு காகிதம்கூடக் கையில் இல்லை. இயந்திரத்தின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் நூல் சுற்றுகிற எந்தக் கதிர் ஒழுங்காகச் சுழலவில்லை என்று தன் கைக்குத் தெரியும் என்றாள். காது கேட்கிறவர்கள் கண்டுபிடிக்கிற கோளாறைத் தான் அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்த இரண்டு சம்பவங்களைத் தேதியோடு சொன்னாள். ஆங்கிலம் தனக்குக் காது வழியாக வரவில்லை, டீச்சரின் வாயைப் பார்த்துக் கண் வழியாக வந்தது என்றாள். இரண்டு இடத்தில் இலக்கணம் தப்பியது. யாரும் கவனிக்கவில்லை. முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாலகோபால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. அவர் அப்படி நடிக்கத் தெரிந்தவர் இல்லை.

ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டேன். பதினோரு பேரில் அவள்தான் முதல். வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு போன் போட்டு அரைமணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர் ஹர்ஷா கூப்பிட்டான். “மேடம், பொற்கொடியம்மா பேசின வீடியோ எடுத்தீங்கல்ல, அனுப்பறீங்களா? ஃபைலுக்கு வேணுமுங்க.” கம்பெனியின் வெப்சைட்டில் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உடனே அனுப்பினேன். கைதட்டல் சரியாகக் கேட்கிறதா என்றுகூடப் பார்த்து அனுப்பினேன்.

புதன்கிழமை ஆறு பேர் பட்டியல் வந்தது. பொற்கொடி இல்லை. தப்பாகத்தான் இருக்கும் என்று ஹர்ஷாவைக் கூப்பிட்டேன்.

“மார்க்ல எல்லாம் குறையே இல்லீங்க மேடம். ஆனா பையர் சைடு சேஃப்டி ஆடிட் இருக்குது. அலாரம் அடிச்சாக் கேக்காதவங்கள ஒரு டிபார்ட்மெண்டுக்குப் பொறுப்பா வெச்சா ஆடிட்ல எழுதிருவாங்க. நாங்களா ஒண்ணும் தோண்டி எடுக்கலீங்க. அவங்களேதான் சொன்னாங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் சும்மாதான் கிடந்தது. நான்தான் வாயைத் திறக்க வைத்தேன்.

அன்றைக்கே பாலகோபாலைப் போய்ப் பார்த்தேன். உட்காரவைத்து, வீட்டிலிருந்து வந்த காபியைக் கொடுத்தார். காதைக் கெடுத்ததே உன் மில் சத்தம்தானே என்று கேட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

“எனக்கு மட்டும் மனசில்லீங்களாக்கா? அன்னைக்கு நானே அழுதுட்டேன், பார்த்தீங்கல்ல. ரோசனை பண்றேனுங்க. பார்க்கலாங்க்கா.”

‘பார்க்கலாங்க’ என்றால் எங்கள் ஊரில் அதோடு முடிந்தது என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாலாவது வகுப்பில் அந்தப் பதினோரு பேருக்கும் நான் இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னேன். முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்லப் பழகுங்கள் என்று. கிளம்பும்போது பாலகோபால், புது மில்லில் அந்த ஆறு பேருக்கும் இன்னும் மூன்று மாதம் வகுப்பு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பார்க்கலாங்க என்றுதான் சொன்னேன். வெளியே வந்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காரமடைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ரயிலில் மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்தது நந்திதா. வாங்க என்று சொல்லவில்லை. வழி மட்டும் விட்டாள்.

“எங்கம்மா இருபத்தாறு வருசமா வாய மூடிட்டுத்தான் இருந்தாங்க. வேலை இருந்துச்சு” என்றாள்.

தயார் செய்துகொண்டு போன மூன்றும் எனக்கு மறந்துவிட்டன.

பொற்கொடி மகளின் வாயைப் பார்த்துவிட்டாள். “கண்ணு, டீச்சர்கிட்ட அப்பிடியெல்லாம் பேசக் கூடாது. போயித் தண்ணி கொண்டா” என்றாள். பிறகு என்னிடம், “போச்சாதுங்க டீச்சர், சின்னப் புள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க ஊட்டுக்கு வந்ததே சந்தோசமுங்க” என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. கம்பெனி லெட்டர்ஹெட், முழுக்க ஆங்கிலம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாத சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள்.

“நானாவே படிச்சுப்போட்டேன் டீச்சர். சரியாப் படிக்கறனான்னு பாருங்க” என்று எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது மாதிரியே முதுகை நிமிர்த்தி நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி, சத்தமாக வாசித்தாள். என் செவித்திறன் குறைபாட்டை நானே முன்வந்து நிர்வாகத்திடம் தெரிவித்தேன். இத்தனை காலம் அதை மறைத்ததற்கு வருந்துகிறேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன். இது குறித்து எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. உள்ளே நந்திதா தண்ணீர் மொள்ளுகிற சத்தம் நின்றுவிட்டது.

“உச்சரிப்பு சரிங்களா டீச்சர்?”

“சரியா இருக்கு” என்றேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கையெழுத்துப் போடாதீங்க, பொற்கொடி” என்றேன்.

“போடலீன்னா என்னங்க ஆகும்?”

லேபர் ஆபீஸ் என்றேன். வக்கீல் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகலாம் என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாக அசைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“அதுக்குள்ள புள்ளை படிப்பு போயிருமுங்களே. இதைப் போட்டுக் குடுத்தா வர வேண்டியத ஒரு வாரத்துல தர்றாங்களாமுங்க. கடைசி வருசம் வரைக்கும் கட்ட முடியாதுங்க. இந்த வருசத்தைக் கட்டிப்போடலாம்.” அடுத்த வருடத்துக்கு என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை.

பேனாவை எடுத்தாள். “முன்னெல்லாம் எங்க போடச் சொன்னாலும் படிக்காமயே போட்டுருவனுங்க. இப்பத்தான் டீச்சர், படிச்சுப் பார்த்துப் போடறேன்.”

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

“தேதி எங்கங்க எழுதோணும் டீச்சர்?”

அவளுக்குத் தெரியட்டும் என்று, கையெழுத்துக்குக் கீழே இருந்த கோட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.