பூசைக் காட்சியில் லைட்மேன்

டைரக்டர் தோ கியோங்கான், லைட்மேன் போங் சாங்கூவுக்குத் தரவேண்டிய பாக்கி பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் கொரிய வொன். போன படத்தில் லைட் தூக்கிய கூலி. இரண்டு குளிர்காலம் போயும் கைக்கு வரவில்லை. கேட்டால் டைரக்டர் சோஜு சாராயம் ஊற்றிக் கொடுப்பார், தோளில் கை போடுவார், அவ்வளவுதான்.

இப்போது அவர் எடுப்பது சினிமாக்காரர்களின் பிழைப்பைப் பற்றிய படம். அதில் கூலி கிடைக்காத லைட்மேன் ஒருவன் வருகிறான். "நீங்களே நடிங்கண்ணே, நிஜமா இருக்கும்" என்று சாங்கூவையே நடிக்க வைத்துவிட்டார். டைரக்டர் வேஷம் அவருக்கே.

அன்று பூசைக் காட்சி. மேசைமேல் அவித்த பன்றித்தலை. படம் தொடங்குகிற அன்று எல்லோரும் அதைக் கும்பிட்டு, அதன் வாயில் பணம் செருகுவது வழக்கம். கதைப்படி டைரக்டர் பாக்கியை உறையில் வைத்துக் கொடுப்பார். லைட்மேன் கண்கலங்கி, அதை அப்படியே பன்றி வாயில் செருக வேண்டும்.

சாங்கூ டைரக்டரிடம் கேட்டான்.

"எந்த மடையன் இப்படிச் செய்வான்?"

"அதுதாண்ணே சினிமாக்காரன் மனசு!"

"வாடகை கேக்குறவன்கிட்ட மனசையா காட்டுறது?"

மூன்று தடவை எடுத்தும் அவன் கண் கலங்கவில்லை.

"என்னண்ணே, மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"உள்ள இருக்கிறது பழைய பேப்பர். பேப்பருக்கு எவன் அழுவான்? என் பாக்கியை வைங்க, அழுறேன்."

கேமராக்காரி நாம் யூரி சிரித்துவிட்டாள். "சார், வெயில் இறங்குது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

டைரக்டர் பல்லைக் கடித்தார். கேமரா வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் பாக்கித் தொகையை எண்ணி உறையில் போட்டார். "ஷாட் முடிஞ்சதும் திருப்பித் தரணும், ஆமா."

சாங்கூ போய்த் தன் இடத்தில் நின்றான்.

கேமரா ஓடியது. டைரக்டர் இரண்டு கையாலும் உறையை நீட்டினார். "உங்க பாக்கிண்ணே. மன்னிச்சிடுங்க."

சாங்கூவின் கண் நிறைந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். உறையை வாங்கினான், பன்றித்தலையை விழுந்து கும்பிட்டான், எழுந்தான், உறையைச் சட்டைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான்.

"கொடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன்."

"அண்ணே! அது கேமரா வாடகை!"

"மன்னிப்பும் கேட்டுட்டீங்க. நான் எதைத் திருப்பித் தர?"

"நான் இன்னும் நிறுத்தல சார், ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் யூரி.

டைரக்டர் கேமராவைப் பார்த்தார், சாங்கூவைப் பார்த்தார். ஓடுகிற கேமரா முன்னால் உறையைப் பிடுங்க முடியவில்லை.

சாங்கூ பஸ் ஏறினான். இனி எந்த டைரக்டரும் வேலைக்குக் கூப்பிடமாட்டான். செய்த வேலைக்குக் கூலி வாங்க இப்படி நடிக்கவேண்டியிருக்கிறதே என்று மனசு கொதித்தது. பணத்தை மடியில் வைத்து எண்ணினான். ஒரு நோட்டும் குறையவில்லை. பாக்கி தீர்ந்தது.