நெப்டியூனுக்குக் கீழே ஒரு பாய்

தையற்காரியின் மகள் இருபத்தேழு ஆண்டுகள் பதின்மூன்று வயதிலேயே இருந்தாள். அந்தத் தெருவில் இதைப் பெரிய சேதியாக எவரும் சொல்வதில்லை. முனைக் குழாய் ஒழுகுகிறது என்பதைச் சொல்லும் அதே குரலில்தான் சொல்வார்கள். சிறு வயதில் சட்டைப் பித்தான்களை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்ததால் அவளுக்குப் பித்தான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் அவள் உட்காரும் இடத்தில், மரமே அவளுக்கேற்றபடி குழிந்துவிட்டிருந்தது.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையிலிருந்து தொடங்கியது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விண்வெளி முகாம். பள்ளிக்கு ஒருவர் விண்ணப்பிக்கலாம். சூரியக் குடும்பத்தின் மாதிரி ஒன்றைச் சரியான விகிதத்தில் செய்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மற்றப் பள்ளிகள் ஒன்பது பந்துகளை ஒரே அறையில் கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டன. இந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சரியான விகிதம் என்றால் சரியான விகிதம்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றார். தையற்காரியின் அளவு நாடாவை இரவல் வாங்கி, கணக்குப் போட்டு, சூரியனைப் பள்ளியின் முன்கூடத்தில் மாட்டினார். புதன் தலைமையாசிரியரின் அறைக்குள் விழுந்தது, பூமி எட்டாம் வகுப்பில் அமைந்தது, வியாழனுக்கு விளையாட்டுத் திடலைத் தாண்ட வேண்டியிருந்தது, சனி வாயிற்கதவருகே, யுரேனஸ் பேருந்து நிறுத்தத்தின் கூரையில். நெப்டியூனுக்கு நாடாவை நீட்டிக்கொண்டே போனவர் தெருக்கோடியில் தையற்காரியின் முன்னறைக்குள் நுழைந்து, துணி வெட்டும் மேசைக்கு மேலே நின்றார். நாடாவைக் கொடுத்த வீட்டிலேயே அது முடிந்தது. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் நீலத் துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு திணித்து, பித்தானே அந்தப் பந்தைத் தைத்தாள்.

மறுநாளிலிருந்து எந்தக் கோளுக்குக் கீழே ஒருவர் கண்ணயர்கிறாரோ, அந்தக் கோளின் ஆண்டே அவருடைய ஆண்டாயிற்று. முதலில் அகப்பட்டவர் தலைமையாசிரியர். மதிய உணவுக்குப் பின் நாற்காலியில் குட்டித் தூக்கம் போடுவது அவர் வழக்கம். புதனின் ஆண்டு சிறியது. மற்றவர்களுக்கு ஒரு வயது கூடுவதற்குள் அவருக்கு நான்கு கூடியது. பல் கொட்டி, முதுகு கூனி, காது அடைத்துப்போன பிறகு ஓய்வு கேட்டு எழுதினார். சான்றிதழ்ப்படி தங்களுக்கு நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, பல் கொட்டியதற்கெல்லாம் விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. தூக்கத்தையாவது விட்டிருக்கலாம், அதை அவர் விடவில்லை. பணியிலிருக்கும்போதே, முதுமையால், அந்த நாற்காலியிலேயே காலமானார். பேருந்து நிறுத்தத்தில் கண்ணயர்ந்தவர்களுக்கும் காலம் நின்றுதான் போயிற்று. ஆனால் அங்கே அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தபடியால் ஒருவரும் கவனிக்கவில்லை.

பித்தான் பந்தைத் தைத்த நாள் முதல் மேசைக்கருகே பாய் விரித்து அதன் கீழேயே படுத்தாள். முகாமில் பெரிய தொலைநோக்கி ஒன்று இருப்பதாகவும், வெறும் கண்ணுக்குத் தெரியாத நெப்டியூனை அதில் பார்க்கலாம் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் தைத்த நீலம் சரியா என்று பார்த்துவிட வேண்டும். பொருந்தாத துணியை ஒட்டுப் போட்டு அனுப்பினால் தையற்காரி வீட்டுப் பிள்ளைக்கு உறக்கம் வராது.

முதல் ஆண்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. மாதிரி முழுவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. அனுப்பிய படத்தில் சூரியனும் தலைமையாசிரியரின் வழுக்கையும் மட்டுமே இருந்தன. அடுத்த ஆண்டு கையொப்பத்தின் மை தவறு. அதற்கடுத்த ஆண்டு காரணமே சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் உயர்ந்து, தேறி, கல்யாணமாகிப் போனார்கள். ஓராண்டு முடிந்தால்தான் அடுத்த வகுப்பு என்பது பள்ளியின் விதி. நெப்டியூனின் ஓராண்டு நமக்கு நூற்றறுபத்தைந்து ஆண்டு; பித்தானுக்கு அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. ஆகவே அவள் எட்டாம் வகுப்பிலேயே இருந்தாள். ஆண்டுதோறும் முகாமுக்குத் தகுதியுடையவளாகவும் இருந்தாள்.

பள்ளி திறக்கும் மாதத்தில் தாய் அவளை நிறுத்திச் சீருடைக்கு அளவெடுப்பாள். காலம் தாழ்ந்து பிறந்த ஒரே பெண். நாடா ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் நிற்கும்.

"உள்ள வந்து படுடி. வளர வேண்டிய பிள்ளை."

"இந்த வருஷம் மட்டும்மா."

"போன வருஷமும் இந்த வருஷம் மட்டும்தான்."

டீச்சரும் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். வயது வரம்பு கடக்கும்வரை ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. "நீங்களும் இங்க வந்து படுத்திருக்கலாம்ல டீச்சர்" என்று பித்தான் கேட்டபோது, "நான் இங்க படுத்துட்டா, காலையில எந்திரிச்சு மூணு பேருக்கு டிபன் யாரு கட்டுறது? உங்க அம்மாவா?" என்றார். ஆரம்பத்தில் இந்த வருஷம் கண்டிப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். தலை நரைத்த பிறகு, போதும்டி, நான் சொன்னதை எல்லாம் மறந்துடு என்று கெஞ்சியவரும் அவரே. நம்பிக்கை ஊட்டுவது எளிது, ஊட்டியதைத் திரும்பப் பெறும் வழி எந்தப் பாடநூலிலும் இல்லை என்பதை அவர் அப்போதுதான் கற்றார். அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்; பெட்டி படுக்கையோடு மகன் வீட்டுக்குப் போனார்.

இருபத்தேழாம் ஆண்டு பித்தான் தேர்வானாள். சேதியைக் கொண்டுவந்தவள் முகாமின் அதிகாரி. மூன்றாவது பெஞ்சில் இவளருகே உட்கார்ந்து, இவளுடைய வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியே தேறியவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தாள்.

"ஏய் பித்தான். பேரைப் பாத்ததுமே நெனச்சேன். இன்னும் எட்டாவதா?"

"நீ என்னைப் பாத்து எழுதிட்டு ஓடிட்ட. நான் யாரைப் பாத்து எழுதுறது?"

அதிகாரி சிரிக்கவில்லை. தையற்காரி போட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். "சர்டிபிகேட்ல உனக்கு என்னைவிட மூணு மாசம் மூப்புடி. உன்னைக் குழந்தைன்னு எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"என்னைப் பாத்தா தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. பாத்தா தெரியும்னு எழுத அங்க இடம் இல்ல."

பித்தான் தலையசைத்தாள். தலைமையாசிரியரின் கதை அவளும் அறிந்ததுதானே. பிறகு பந்தைக் காட்டிக் கேட்டாள்: "அதை விடு. நீ பாத்திருப்பல்ல? இந்த நீலம் சரியா?"

"நான் ஆபீஸ் வேலைடி. தொலைநோக்கிப் பக்கம் போனதே இல்ல."

அதிகாரி போன பிறகு பித்தான் பாயைச் சுருட்டினாள். அழவில்லை. உள்ளறையில் தாயின் பாயருகே அதை விரித்து, "இனிமே இங்கயே படுத்துக்கிறேன்மா" என்றாள். இருபத்தேழு ஆண்டுகளாக இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த தாய்க்கு இப்போது எழுபத்தாறு வயது. ஊசியில் நூல் கோக்கக் கண் போதவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு நின்று வந்தது. அவள் மகளின் தோளிலிருந்து முழங்கால்வரை ஒருமுறை பார்த்தாள். இனி வளரவேண்டிய உயரத்தையும் தனக்கு மிஞ்சியிருக்கும் நாளையும் மனத்துக்குள் ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும். துணி போதாது என்று ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் தொழில் அவளுடையது.

"நீ உள்ள படு" என்றாள். தன் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நான் அங்க போறேன்."

"அங்க எதுக்கும்மா?"

"நீ வளர்றதைப் பாக்க ஆள் வேண்டாமா? நான் கொஞ்சம் நின்னுக்கிறேன்."

அடுத்த முறை பள்ளி திறந்தபோது நாடா ஒரு விரற்கடை நீண்டது. தாய்க்குக் கோடு தெரியவில்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பித்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள், பிறகு பத்தாம் வகுப்புக்கு. அறிவியல் டீச்சர் மகன் வீட்டில் காலமான சேதி ஒரு நாள் வந்தது. பித்தான் படித்து முடித்து வேலைக்கு எழுதிய இடங்களில் எல்லாம் சான்றிதழ் அவளுக்கு முன்னே போய் அவளை முதியவளாக்கிவிட்டது. ஆகவே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். தெருப் பிள்ளைகளின் சீருடைகளை இப்போது அவள்தான் தைக்கிறாள். ஆண்டுதோறும் முகாமின் சுற்றறிக்கை வருகிறது. பள்ளிப் பலகையில் ஒட்டப்படுகிறது. மழையில் நனைந்து உதிர்கிறது. அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை எவரும் போனதில்லை.

பித்தானுக்கு இப்போது முன்நெற்றியில் நரை. தாய்க்கு அதே எழுபத்தாறு. தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் இருவரையும் அக்கா தங்கை என்று எண்ணிக்கொள்கிறார்கள், இவர்களும் திருத்துவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பந்தின் துணி நைந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். பித்தான் புதிய உறை தைத்து மாட்டுவாள். இந்த முறை கிடைத்தது சற்று வெளிறிய நீலம்.

"இது சரியா இருக்குமா?" என்று தாய் கேட்டாள்.

"தெரியலம்மா."

தாய் பாயை உதறி, பந்தின் கீழே விரித்துப் படுத்துக்கொண்டாள்.